அத்தைக்கு முழு மதிப்பெண்

காத்திருப்புக் கூடத்தின் மூலையில் தொங்கிய ஒலிபெருக்கி 'கீ...ஈ...ச்' என்று வீறிட்டது.

கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு அப்பா தண்ணீர் பாட்டிலை நழுவவிட்டார். கோட்டு போட்ட பையன் ஒருவன், ஒலிபெருக்கி தன்னைப் பார்த்துவிட்டது போல, கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டான். குருவி மட்டும் காதைப் பொத்தவில்லை. உதட்டை அசைத்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"என்னடி, பயமா இருக்கா?" என்றான் அண்ணன்.

"இல்ல."

"மூஞ்சி வெளுத்துப் போச்சே. பிஸ்கட் தரட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். சும்மா இரு."

வீறிடல் அடங்கி ஒரு கனைப்பு கேட்டது. அதன் பின்னால் ஒரு கம்பீரமான குரல்.

"மாணவச் செல்வங்களே, அவர்களைப் பெற்ற பெரியோர்களே! நான் இந்தக் கல்லூரியின் முதல்வர் பேசுகிறேன். போன வருடம் நமது நேர்காணலில் ஏதோ முறைகேடு நடந்ததாகச் சிலர் பேசிக்கொண்டார்கள். உடனே ஒரு விசாரணைக் குழு போட்டோம். குழுவுக்கு நானே தலைமை தாங்கினேன். என்னை நானே விட்டுவைக்காமல் விசாரித்து, ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டுபிடித்தேன். இருந்தாலும், வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதற்காக, இந்த வருடம் உள்ளே நடக்கும் பேச்சு முழுவதும் வெளியே ஒலிபரப்பாகும். உங்கள் பிள்ளை யார் என்று நீங்களும் தெரிந்துகொள்ளலாம். நன்றி."

"அட, நல்லதாப் போச்சு!" என்று அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நீ உள்ள என்ன பேசறேன்னு கேக்க முடியாதேன்னு நெனச்சிட்டிருந்தேன். கொடுத்து வெச்சவன்டி நான்."

குருவி அவனையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அது கை கால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து எழுந்து நடக்க வைக்கும் வித்தையைச் சொல்லித்தரும் கல்லூரி. பிசியோதெரபி என்று வாசலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த எழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் செங்குத்தான படிகள் ஏறித்தான் போக வேண்டும். கைப்பிடி கிடையாது. அண்ணன் ஒவ்வொரு படிக்கும் தொடையில் கையை ஊன்றி ஏறி வந்திருந்தான்.

நுழைவுத் தேர்வில் வாங்கும் மார்க் பாதி. மீதிப் பாதி 'தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளுதல்' என்ற இரண்டு நிமிடச் சடங்கு. போன வருடம் குருவி தேர்வில் நல்ல மார்க் எடுத்துவிட்டு, உள்ளே போய் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், "எனக்கு இந்தப் படிப்பு வேணும் சார்" என்று சொன்னாள். அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மணியடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மூச்சுவிடாமல் பேசுகிறாளே என்று அண்ணன் வைத்த பெயர்தான் குருவி. அந்தக் குருவி ஒரு வருடமாகப் பேச்சுக் குறைந்து கிடந்தது. இந்த முறையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அம்மா வேலை பார்க்கும் தையல் கடையில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க ஆள் தேவை என்று முதலாளி இப்போதே சொல்லிவைத்திருந்தார்.

அதனால்தான் மாஸ்டரிடம் போனாள்.

நேர்காணலுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். பல் டாக்டர் அறைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அவருடைய நிலையம். எதற்கு அவர் மாஸ்டர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவரிடம் போனவர்களுக்கு இடம் கிடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"உன்னைப் பத்திச் சொல்லும்மா" என்றார்.

சொன்னாள்.

"இது நீ யாருன்னு சொல்றது. நான் கேட்டது உன்னை அறிமுகப்படுத்திக்கச் சொல்லி. ரெண்டும் வேற வேற" என்றவர், ஆவலாக முன்னால் சாய்ந்தார். "வீட்ல யாருக்காவது உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

"என் அண்ணனுக்கு ஒரு கால் சரியில்ல சார். சின்ன வயசுல விழுந்துட்டாரு. சாஞ்சு சாஞ்சுதான் நடப்பாரு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு..."

மாஸ்டர் போக்குவரத்து போலீஸ்காரரைப் போலக் கையைத் தூக்கினார்.

"நொண்டி அண்ணனா? வேணவே வேணாம். அது போன வருஷச் சரக்கு. நானே ஒரு கூட்டத்துக்குக் குடுத்தேன். வரிசையாப் போய் எல்லாரும் நொண்டி அண்ணன், நொண்டி அண்ணன்னு அழுது, கடைசியாப் போன பையன் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே முதல்வர், 'எந்தக் கால்னு மட்டும் சொல்லிட்டுக் கெளம்பு'ன்னுட்டாராம்."

"இல்ல சார், எனக்கு நெசமாவே அப்படி ஒரு அண்ணன்..."

"அங்கதாம்மா சிக்கலே. நெசமா இருக்கறவங்களுக்குச் சொல்ல வராது. குரல் கம்மும், பாதி விட்டுப்போகும், கோவையா இருக்காது." மாஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுவது போலத் துழாவினார். எதையும் எடுக்கவில்லை. "உனக்குக் கண்ணு தெரியாத அத்தை தரேன். படியில விழுந்து இடுப்பு ஒடைஞ்சவங்க. புத்தம் புதுசு. இன்னும் யாருக்கும் குடுக்கல."

"எங்கப்பா ஒரே பிள்ளை சார். எனக்கு அத்தையே கெடையாது."

"இப்ப இருக்காங்க. சந்தோஷப்படு. தெனமும் நீதான் இடுப்புல எண்ணெய் தேய்ச்சு, கையப் பிடிச்சு, ஒவ்வொரு அடியா நடக்க வெச்சே. ஒரு நாள் அத்தை உன் மொகத்தைத் தடவிப் பார்த்து, 'நீ எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாது கண்ணு, ஆனா உன் கை எப்படி இருக்கும்னு தெரியும்'னாங்க. இந்த எடத்துல நிறுத்து. மூச்ச இழு. மேல பார்க்காதே, கண்ணீர் உள்ள போயிடும். கீழ பாரு."

குருவிக்கே கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா! இன்னொண்ணு. அண்ணனை எடுத்துடு."

"எடுத்துடறதுன்னா?"

"பேச்சுலேருந்துதாம்மா. வீட்ல வெச்சுக்கோ, யாரு வேணாம்னா? அண்ணன்னு ஒருத்தன் இருந்தா, 'அத்தையை அவன் பார்த்துக்க மாட்டானா'ன்னு கேள்வி வரும். நீ ஒரே பொண்ணு. அப்பா இல்ல, அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. நீயும் அத்தையுந்தான்."

சரி என்று தலையாட்டினாள். தலையாட்டியது கூடப் பரவாயில்லை. அப்படி ஆட்டியபோது மனதுக்குள் எதுவோ லேசானதே, அதைத்தான் குருவியால் பிறகு மறக்க முடியவில்லை. பள்ளிக்கூட நாட்களில் அண்ணன் தண்ணீர் கேன் வண்டியில் கொண்டுவந்து விடும்போது, தெருமுனையிலேயே இறங்கிக்கொள்கிறேன் என்பாள். உள்ளே வந்தால் வண்டியைத் திருப்பக் கஷ்டம் என்று காரணம் சொல்வாள். அண்ணன் அதை நம்பினான், அல்லது நம்புகிறவனைப் போல நடந்துகொண்டான். இரண்டில் எது என்று கேட்க அவளுக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

இப்போது அந்த அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையோடு, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாயேன்."

"இப்பத்தானே குடிச்சேன்."

"வண்டிய வெயில்ல விட்டுட்டு வந்திருக்கே. நெழல்ல போட்டுட்டு வா."

"அது என்ன ஐஸ்கிரீம் வண்டியா, உருகறதுக்கு? பேசாம இருடி. ஆரம்பிச்சிட்டாங்க."

முதலில் ஒரு பையன். பேச்சு ஒலிபெருக்கியில் தேம்பித் தேம்பி வந்தது. அவனுடைய தாத்தாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டதாம். நான்கு வருடமாக இவன்தான் அவருக்குச் சோறூட்டுகிறானாம்.

அந்தப் பையனோடு வந்திருந்த தாத்தா குருவிக்கு எதிர் வரிசையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். பேரன் பேச்சைக் கேட்டுக் கை பாதி வழியில் நின்றது. கூடமே அவரைத் திரும்பிப் பார்த்தது. தாத்தா நிதானமாக வேர்க்கடலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை மடியில் தொங்கவிட்டார். அதற்கப்புறம் அவர் அந்தக் கையை அசைக்கவே இல்லை. கொசு கடித்தபோதுகூட.

"எந்தப் பக்கம்னு சொன்னே?" என்றது முதல்வரின் குரல்.

"வலது பக்கம் சார்."

"நேத்துலேருந்து வலது பக்கம் ஜாஸ்தி வருதே. சரி, போ. நல்ல பேரன்."

அடுத்தது கோட்டுப் பையன். டென்னிஸ் ஆடும்போது முழங்கை பிசகியதாம். அந்த ஒரு வாரத்தில் மனித குலத்தின் வலி முழுவதும் அவனுக்குப் புரிந்துபோனதாம். "ஐயோ, இந்த வயசுல எவ்வளவு தாங்கியிருக்கே!" என்று ஒரு பெண் குரல் உருகியது. உளவியல் பேராசிரியையாம் அது. யார் உண்மையாக அழுகிறார்கள், யார் நடிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காகவே நேர்காணல் குழுவில் சேர்த்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் போனாள்.

"எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும் சார். எலும்பு, தசையெல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கப் படிக்க ஆச்சரியமா இருக்கு."

"அது கெடக்கட்டும். வீட்ல யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல சார். எல்லாரும் நல்லா இருக்காங்க."

ஒலிபெருக்கியில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"யாருக்குமேவா?" என்றார் முதல்வர், துக்கம் விசாரிக்கிற குரலில். "தூரத்துச் சொந்தத்துல கூடவா?"

"இல்ல சார்."

"இங்க பாரும்மா. மார்க்கை வெச்சு மனுஷனை எடை போடறது காட்டுமிராண்டித்தனம். நாங்க அதை ஒழிச்சிட்டோம். ஒழிச்சிட்டு, மனுஷத்தன்மைக்கு மார்க் வெச்சிருக்கோம். நேர்மைக்கு இருபது, பணிவுக்கு இருபது, கண் கலங்கினா பத்து, கண்ணீர் தாடை வரைக்கும் எறங்கினா மேற்கொண்டு அஞ்சு. நீ நேர்மையாத்தான் பேசறே, ஒத்துக்கறேன். ஆனா எதை வெச்சு நேர்மையா இருக்கே? ஒண்ணுமே இல்லாம வெறும் நேர்மையா வந்து நின்னா நாங்க எதுக்கு மார்க் போடறது?"

'டாண்' என்று மணியடித்தது.

வெளியே வந்த பெண்ணை அவளுடைய அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உங்க மாமாவையாவது சொல்லித் தொலைச்சிருக்கக்கூடாதா?"

"மாமா நல்லாத்தானேம்மா இருக்காரு?"

"இருந்துட்டுப் போறாரு! அவரு இங்க வந்து கேக்கப் போறாரா?"

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு குருவியின் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னான்: "என்னடி இது, உள்ள போற எல்லார் வீட்லயும் ஒரு ஆள் படுத்துக் கெடக்கு. அத்தனையும் டூப்பு. நீ பயப்படாதே. உன்கிட்டதான் அசல் இருக்கு." இடது தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். "இத்தனை வருஷத்துல இந்தக் கால் எதுக்கும் உதவினதில்ல. இன்னைக்கு ஒரு நாளாவது உதவட்டும். அப்படியே எடுத்து விடு."

குருவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பியூன் அவளைக் கூப்பிட்டுவிட்டான்.

கதவுவரை நடப்பதற்குள் அவள் முடிவெடுத்துவிட்டாள். அத்தையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அண்ணனைச் சொல்லிவிடுவது. போனால் போகட்டும், காஜா எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

உள்ளே நீள மேசை. நடுவில் முதல்வர். ஒரு பக்கம் உளவியல் பேராசிரியை. இன்னொரு பக்கம் கையில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர். 'நேரம்' என்பதைத் தவிர வேறு எதையும் அவர் பேசுவதில்லை. மேசையில் ஒலிவாங்கி, மணி, முகம் துடைக்கும் காகிதப் பெட்டி. மூலையில் ஒரு எலும்புக்கூடு நின்றது. அதன் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை மாட்டியிருந்தார்கள். அந்த அறையில் இடம் உறுதியாகிவிட்ட ஒரே ஆள் அதுதான்.

"உன்னை அறிமுகப்படுத்திக்கோ" என்றார் முதல்வர்.

"நேரம்" என்றார் ஸ்டாப்வாட்ச்.

குருவி மூச்சை இழுத்தாள். "வணக்கம் சார். என் அண்ணன்..."

முதல்வரின் முகம் தொங்கிப்போனது. "அண்ணனா?" என்றார். பேராசிரியையைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "கால்தானே? எந்தக் கால்?" என்று கேட்டுக்கொண்டே முதல்வரின் கை மணியை நோக்கி நகர்ந்தது.

குருவி அந்தக் கையைப் பார்த்தாள். அது மணிக்கு மேலே நின்றது.

"...அப்படின்னு சொல்லிக்க எனக்கு யாருமே இல்ல சார்" என்றாள்.

கை நின்ற இடத்திலேயே நின்றது. பேராசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, மாஸ்டர் பேசினார். அத்தை வந்தாள், படியில் விழுந்தாள், இடுப்பு உடைந்தது. குருவி எண்ணெய் தேய்த்தாள், கைபிடித்து நடக்க வைத்தாள். 'உன் கை எப்படி இருக்கும்னு தெரியும்' என்ற இடத்தில் நிறுத்தினாள். கீழே பார்த்தாள். கண்ணீர் சொல்லிவைத்தது போலக் கன்னத்தைத் தாண்டித் தாடையில் வந்து நின்றது. ஸ்டாப்வாட்ச்காரர் 'நேரம்' சொல்ல மறந்துவிட்டார்.

"நெசம்!" என்று பேராசிரியை மேசையைத் தட்டினார். "இது நெசக் கண்ணீர். எத்தனை வருஷ அனுபவம் எனக்கு! இதெல்லாம் நடிச்சு வராது சார்."

"அத்தை இப்ப எப்படி இருக்காங்க?" என்று முதல்வர் குரல் தழுதழுக்கக் கேட்டார்.

"நடக்கறாங்க சார்."

"கண்ணு?"

"அது வரல சார்."

"வராது, வராது. அது வேற காலேஜ்." முதல்வர் ஒரு காகிதத்தை உருவி மூக்கைச் சிந்தினார். "கூடப் பிறந்தவங்க யாருமே இல்லையா?"

மேசைமேல் ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இல்ல சார். நான் ஒரே பொண்ணு."

"இன்னைக்கு யார் கூட வந்தே?"

"தனியாத்தான் சார் வந்தேன். ஒரு வண்டி பேசிக்கிட்டு."

வெளியே கூடத்தில் ஒரு நாற்காலி நகரும் சத்தமாவது கேட்காதா என்று குருவி காது கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் கல்லூரி அந்த வருடம் ஒரு புதுமை செய்திருந்தது.

"தன்னை அறிமுகப்படுத்திக்கறது பாதிதான்" என்று முதல்வர் ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "முன்பின் தெரியாத ஒருத்தரைப் பார்த்த மாத்திரத்துல புரிஞ்சிக்கிட்டு, அவரை நமக்கு அறிமுகப்படுத்தறது மீதிப் பாதி. கண்ணீர் தாடை வரைக்கும் எறங்கினவங்களுக்கு மட்டுந்தான் இது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. வெளிநாட்டுக்காரன் கேட்டா அசந்துபோவான். யோவ், நம்ம ஆளைக் கூட்டிட்டு வா."

பியூன் தலையைச் சொறிந்தான். "நேத்து வந்து நொண்டிக் காட்டினவரு இன்னைக்கு லீவுங்க சார்."

"ஏன்?"

"கால் வலியாம்."

"பொறுப்பில்லாத பய. சரி, வெளியில அந்த மாதிரி யாராவது இருக்காங்களான்னு பாரு."

"ஒருத்தர் இருக்காரு சார்" என்று பியூன் உற்சாகமானான். "படியேறும்போதே பார்த்தேன். அசல் நொண்டி."

குருவி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சார்..." என்றாள். மாஸ்டர் இந்த இடத்துக்கு வசனம் தந்திருக்கவில்லை.

கதவு திறந்தது. அண்ணன் வந்தான். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, எலும்புக்கூட்டுக்கு வழிவிடுவது போல ஒதுங்கி நின்றான். மேசையைப் பார்த்தான், முதல்வரைப் பார்த்தான், பேராசிரியையைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"பேரு கீரெல்லாம் வேணாம். யாரு நீ? யாரோட வந்தே?" என்றார் முதல்வர்.

இதோ, இப்போது எல்லாம் உடையப்போகிறது. உடைந்தால்கூடத் தேவலாம் என்று குருவிக்கு ஒரு கணம் தோன்றியது.

"வண்டி ஓட்டறவனுங்க" என்றான் அண்ணன். "இவங்களைத்தான் கொண்டாந்து விட்டேன்."

இவங்களை. பிறந்ததிலிருந்து 'டி' போட்டுக் கூப்பிட்ட வாய் அது. குருவிக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. அறைந்திருந்தால் கன்னத்தையாவது தடவிக்கொண்டிருக்கலாம்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. அந்தச் சுவர் வரைக்கும் போயிட்டு வா."

அண்ணன் நடந்தான். இடது பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து. சிமென்ட் தரையில் செருப்பு ஒரு அடி பதிந்தது, ஒரு அடி உரசியது.

"இன்னொரு தடவை. மெதுவா. பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக்கோ."

நடந்தான்.

"ஆகா, என்ன அருமையான சாய்வு! பாடப் புஸ்தகத்துல போடலாம். இன்னும் ஒரே தடவை. ம், சொல்லும்மா. இவரை நீ இன்னைக்கு முன்னாடி பார்த்ததில்ல. எங்களுக்கு அறிமுகப்படுத்து."

குருவி எழுந்து நின்றாள். பேசாமல் இருந்துவிடலாம், தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் வாய் பேசிவிட்டது.

"இடது தொடை எலும்பு ஒடைஞ்சிருக்கு சார். கோணலா கூடியிருக்கு. அதனால கால் நீளம் கம்மி. இடுப்பு எறங்கி, முதுகையும் இழுக்குது. காலையில எழுந்ததும் மொதல்ல வெக்கற அடிங்க ரொம்பக் கஷ்டமா இருக்கும், செவுத்தப் பிடிச்சிக்குவாரு. மழை பெய்யற அன்னிக்கு வலி ஜாஸ்தி. யாராவது பார்த்தா நேரா நடக்கப் பார்ப்பாரு, அதுல இன்னும் வலிக்கும்."

"சபாஷ்! எப்படி ஒடைஞ்சிருக்கும்?"

"ஒசரத்துலேருந்து விழுந்திருக்காரு சார். பதினாலு வயசு இருக்கும்."

அவளுக்கு அப்போது ஐந்து வயது. மாடி ஜன்னல் வழியாக இறங்கி, அதற்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடில் பந்தை எடுக்கப் போய், திரும்பி வரத் தெரியாமல் அழுதுகொண்டு நின்றாள். அண்ணன் இறங்கி வந்து அவளைத் தூக்கி ஜன்னலுக்குள் தள்ளினான். தள்ளிய வேகத்தில் அவனுக்குக் கால் வைக்க இடமில்லாமல் போனது.

"மாவுக்கட்டைச் சீக்கிரமே பிரிச்சிருக்காங்க" என்றாள். அப்பா இறந்த வருடம் அது. வேலைக்குப் போக வேண்டும் என்று அண்ணனே உட்கார்ந்து கத்தரிக்கோலால் கட்டை வெட்டி எடுத்தான். "பயிற்சி எதுவும் குடுக்கல. குடுத்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

முதல்வர் எழுந்து நின்று கைதட்டினார். ஸ்டாப்வாட்ச்காரர் கூடத் தட்டினார்.

"பார்த்த மாத்திரத்துல! முன்பின் தெரியாத ஒரு டிரைவரை! தொட்டுக்கூடப் பார்க்காம! தொட்டுப் பார்த்தா இன்னும் என்னென்ன சொல்லுவா! தொட்டுப் பாரும்மா, அத்தைக்குப் பார்த்த கைதானே."

குருவி மண்டியிட்டாள். கணுக்காலில் கை வைத்தாள். அந்தக் காலை அவள் அதுவரை ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு நாள், ஒரு மழை நாள்கூட, தடவிக் கொடுத்ததில்லை. இல்லாத அத்தையின் இடுப்பில்தான் எத்தனை எண்ணெய்!

அண்ணன் காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வேணாங்க மேடம். காலையெல்லாம் தொடாதீங்க."

"பணிவு!" என்று பேராசிரியை பரவசமானார். "ரெண்டு பேருக்குமே!"

மூவரும் குனிந்து பேசிக்கொண்டார்கள். முதல்வர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஒலிவாங்கியில் அறிவித்தார்: "நேர்மைக்கு இருபதுக்கு இருபது. பணிவுக்கு இருபது. கண் கலங்கலுக்குப் பத்து, தாடைக்கு அஞ்சு. முழு மதிப்பெண்! இந்தக் கல்லூரி வரலாற்றுல முதல் தடவை. இந்தப் பொண்ணுக்கு இடம் இப்பவே உறுதி. வெளியில இருக்கறவங்க எல்லாரும் கேட்டுக்கங்க. உண்மையா இருந்தா எப்படி இருக்கும்கறதுக்கு இதுதான் உதாரணம்."

வெளியே கூடத்தில் கைதட்டல் கேட்டது. தாத்தா ஒரு கையால் தொடையைத் தட்டியிருப்பார்.

குருவிக்கு அழுகை வந்தது. மூச்சு இழுக்கவில்லை, கீழே பார்க்கவில்லை. மூக்கு ஒழுக, முகம் கோணிக்கொண்டு, விக்கி விக்கி வந்தது. 'சார், இது என் அண்ணன்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். விக்கல்தான் வந்தது. இரண்டாம் முறை திறந்தபோது விக்கல் நின்றிருந்தது. அப்போதும் அவள் சொல்லவில்லை.

பேராசிரியை அவளைக் கூர்ந்து பார்த்துவிட்டு, முதல்வரின் காதருகே சரிந்தார். "முதல்ல அழுதாளே, அதுதான் நெசம் சார். இது கொஞ்சம் நடிப்பு. இடம் கெடைச்ச சந்தோஷத்துல கூட்டிச் செய்யறா. மன்னிச்சுடலாம்."

"மன்னிச்சோம்" என்றார் முதல்வர் பெருந்தன்மையோடு. அவர் மனம் நிறைந்திருந்தது. சுவரோரம் நின்ற அண்ணன்மீது பார்வை போனது. "ஏம்பா டிரைவர், போறதுக்கு முன்னாடி நீயும் உன்னை அறிமுகப்படுத்திக்கோ. இங்க எல்லாரும் சமம். எலும்புக்கூட்டுக்கே அடையாள அட்டை குடுத்திருக்கோம்."

"எனக்கெல்லாம் என்னங்க இருக்கு சொல்ல?"

"கூச்சப்படாதேப்பா. ரெண்டு நிமிஷம். வீட்ல யார் யார் இருக்காங்க, அதைச் சொல்லு."

"நேரம்" என்றார் ஸ்டாப்வாட்ச்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சற்று யோசித்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"அம்மா இருக்காங்க. தையல் கடைக்குப் போறாங்க. அப்புறம், ஒரு தங்கச்சி இருந்துச்சுங்க."

"இருந்துச்சா?" பேராசிரியையின் கை தானாகக் காகிதப் பெட்டிக்குப் போனது. "ஐயோ பாவம். என்னப்பா ஆச்சு அதுக்கு?"

அண்ணன் அப்போதும் குருவியைப் பார்க்கவில்லை.

"காலேஜ்ல இடம் கெடைச்சிடுச்சுங்க."